பேஸ்மென்ட் குழிக்கு எந்தப் பம்ப்?

டொரொண்டோவின் ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலவறை. அங்குள்ள குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது சம்ப் பம்ப். எதை வாங்குவது என்று பெருமழைக்கு மறுநாள் எல்லோரும் ஒரே கேள்வியோடு அழைப்பதால், இன்று மாலை இங்கேயே பதில் சொல்கிறேன். கேட்பவரின் ஊர்ப் பெயரை முன்னால் போடுகிறேன். எந்த பிராண்ட் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மார்க்கம்: அண்ணா, பழைய சம்ப் பம்ப் 1/3 குதிரைவலு. பழுதாகிவிட்டது. கடைக்காரர் 1/2 எடுக்கச் சொல்கிறார். எது சரி?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தோட்டக் கிணற்றுக்குப் பம்ப் வாங்குவதற்கு முன் அப்பா ஊற்றைத்தான் பார்த்தார். ஊற்றை மீறி இறைத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். இங்கேயும் அதே கணக்குத்தான். நல்ல மழை நேரத்தில் பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, குழிக்குப் பக்கத்திலேயே நின்று, ஒரு நிமிடத்தில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். 18 அங்குல விட்டமுள்ள குழியில் ஓர் அங்குலம் என்றால் நாலு லிட்டருக்குச் சற்று மேல். ஐந்து அங்குலம் ஏறினால் மணிக்குச் சுமார் 1,250 லிட்டர். நல்ல 1/3 பம்ப் பத்தடி உயரத்துக்கு மணிக்கு 6,000 லிட்டருக்கு மேல் தள்ளும். பிறகு எதற்கு 1/2? இதைவிட மிக வேகமாக ஏறினாலோ, குழாய் கூடுதல் உயரம் போனாலோ 1/2 எடுங்கள். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. பத்தடிக்கு எவ்வளவு என்பதைத் தேடிப் பாருங்கள்.

எதைப் பூட்டினாலும் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி, பம்ப் ஓடி நிற்கும்வரை பாருங்கள்.

ஏஜாக்ஸ்: 1 குதிரைவலு போட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? பெரிதாக இருந்தால் நல்லதுதானே.

நல்லதல்ல, ஐயா. சின்னக் குழியைப் பெரிய பம்ப் சில விநாடிகளில் காலி செய்துவிடும். நிற்கும், ஓடும், நிற்கும், ஓடும். மோட்டாரை முதுமையாக்குவது ஓட்டமல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளம்புவதுதான்.

பிராம்ப்டன்: சார், சென்னையில் எங்கள் வீட்டுச் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அப்பா கேட்கச் சொன்னார்.

அங்கே சம்ப் என்பது நல்ல தண்ணீர்த் தொட்டி. இங்கே அது அத்திவாரத்தைச் சுற்றி ஊறும் தண்ணீர் வந்து சேரும் குழி. அப்பாவை அங்குள்ள மோட்டார் மெக்கானிக்கிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ: அண்ணா, தரைத் துவாரத்திலிருந்து நாற்றத்தோடு தண்ணீர் பொங்கியது. பெரிய பம்ப் போடலாமா?

வேண்டாம், தங்கச்சி. அது நிலத்தடி நீர் அல்ல. தெருவின் கழிவுக் குழாய் நிரம்பி வீட்டுக்குள் திரும்பி வருகிறது. உங்களுக்கு வேண்டியது கழிவுக் குழாயில் பூட்டும் பின்னோட்டத் தடுப்பு வால்வு. டொரொண்டோ நகரசபை அதற்கும் சம்ப் பம்புக்கும் மானியம் தருகிறது. விதிகளை வாசித்த பிறகே வேலைக்கு ஆள் பிடியுங்கள்.

ஏஜாக்ஸ்: நான் நாற்பது வருடம் என்ஜினியராக இருந்தவன், தம்பி. வலு கூடினால் பாதுகாப்பும் கூடும்.

2013 ஜூலை 8 நினைவிருக்கிறதா, ஐயா? டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை. சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. அன்றிரவு நான் போன ஒரு வீட்டில், பூட்டி ஆறு மாதம்கூட ஆகாத பம்ப் குழிக்குள் சும்மா கிடந்தது. சாமித்தட்டின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். கல்யாண ஆல்பம் மிதந்து வந்து என் காலில் முட்டியது. கரண்ட் இல்லாவிட்டால் 1 குதிரைவலுவும் பூச்சியம்தான். அந்தக் காசுக்கு 1/3 பம்பும் பாட்டரியில் ஓடும் துணைப் பம்பும் வாங்குங்கள். கார் பாட்டரி உதவாது. சார்ஜ் ஆழமாக இறங்கினாலும் கெடாமல் மீண்டும் ஏறும் வகை வேண்டும். இரண்டு பம்பையும் குழியில் வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

விட்பி: எந்த பிராண்ட் நல்லது?

வார்ப்பிரும்பு உடலா, தண்ணீரோடு எழும்பிப் பம்பை ஓடவைக்கும் மிதவை குழிச் சுவரில் முட்டாமல் எழும்புகிறதா என்று பாருங்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

மிசிசாகா: குளிர்காலத்தில் பம்ப் இரைகிறது, வெளியே தண்ணீர் வரவில்லை.

வெளிக்குழாய் உறைந்திருக்கும். தண்ணீர் தேங்காமல் வடியும் சரிவில் குழாயைத் திருப்பிப் பூட்டுங்கள். கழிவுக் குழாயோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள், குற்றம்.

பிக்கரிங்: அண்ணா, எந்த பிராண்ட்?

மேலே வாசியுங்கள்.

ஏஜாக்ஸ்: என் வீட்டில் 1 குதிரைவலுதான். ஒரு குறையும் இல்லை.

வாளி ஊற்றிப் பார்த்தீர்களா?

ஏஜாக்ஸ்: இப்போதுதான் ஊற்றினேன். நாலு விநாடி ஓடி நின்றது. பிறகு தண்ணீர் ஊற்றாமலே தானாக ஓடியது. மூன்று தடவை.

குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் குழிக்குள் விழுகிறது, ஐயா. பம்புக்கு மேலே குழாயில், தண்ணீரைத் திரும்ப விடாத, அம்புக்குறி போட்ட வால்வு ஏதாவது தெரிகிறதா?

ஏஜாக்ஸ்: நேர்க்குழாய்தான். வால்வு ஒன்றும் இல்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன். குழி மூடியின்மேல் அரிசி மூட்டை ஏதும் இருந்தால் நகர்த்தி வையுங்கள்.

ஏஜாக்ஸ்: இரண்டு மூட்டை. மகனை எழுப்புகிறேன்.