தைராய்டு கட்டிக்குள் நீர்: ஊசிப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 41. தைராய்டின் வலப்பக்கத்தில் 2.4 செ.மீ. அளவில் நீரும் திசுவும் கலந்த கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொல்கிறது. ‘ஏ.சி.ஆர். டைராட்ஸ் 2’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கட்டிக்கு ஊசிப் பரிசோதனை வேண்டாமா?

பதில்: அறிக்கையின்படி, இப்போதைக்கு வேண்டியதில்லை. ‘ஏ.சி.ஆர். டைராட்ஸ்’ என்பது, ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்துக் கட்டியின் மீதான புற்றுநோய்ச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் (ஏ.சி.ஆர்.) முறை. 2 என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாத கட்டி. அளவைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஸ்கேன் செய்பவருக்கோ அளவு பிறகுதான். அவர் முதலில் தேடுவது கட்டிக்குள் இருக்கும் திசுவை.

முழுக்க நீர் நிறைந்த கட்டி திரையில் கரிய வட்டமாகத் தெரியும். அதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. பஞ்சுபோல நுண்ணிய நீர்க்குமிழிகள் மண்டிய கட்டியும் அப்படியே. உங்களுடையதைப் போன்ற கலப்புக் கட்டியில்தான் நிதானித்துப் பார்க்க வேண்டும். திசு சுவரோடு வழவழப்பாகப் படிந்திருக்கிறதா, ஒரு பக்கத்தில் முளைத்து நீருக்குள் துருத்திக்கொண்டிருக்கிறதா? இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அதற்குள் ஓட்டம் தெரிகிறதா? துருத்தலும் ஓட்டமும் இருந்தால்தான் சந்தேகம் கூடும். உள்ளே கசிந்து உறைந்த இரத்தம் அச்சு அசலாகத் திசுபோலவே இருக்கும், நானே ஏமாந்திருக்கிறேன். ஆனால் அதில் இரத்த ஓட்டம் இராது. புரண்டு படுக்கச் சொன்னால் சில சமயம் இடம் மாறிவிடும்.

ஸ்கேனில் கட்டிக்குள் தெரியும் வெண்புள்ளிகளிலும் இரண்டு வகை உண்டு. வால்நட்சத்திரம்போலப் பின்னால் வால் நீண்டால் அது பெரும்பாலும் கொலாய்டு என்னும் கூழ், நல்ல அறிகுறி. திசுப் பகுதியில் வாலில்லாத பொடிப்புள்ளிகள் இருந்தால் நுண்ணிய கால்சியமாக இருக்கலாம். அங்கே சந்தேகம் எழத்தான் வேண்டும்.

2017இல் வந்த ஏ.சி.ஆர். முறையில் 2ஆம் நிலைக் கட்டிக்கு, எந்த அளவாக இருந்தாலும், ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், இத்தகைய கட்டி 2 செ.மீ. தொட்டால் ஊசி போடலாம், கண்காணித்தும் வரலாம் என்றது. ஆகவே உங்கள் மருத்துவர் ஊசி போடலாம் என்றாலும் அது பிழையல்ல. போடுவதானால் ஸ்கேனில் பார்த்தபடியே திசுப் பகுதியில் குத்தச் சொல்லுங்கள். வெறும் நீரை உறிஞ்சினால் ஆய்வுக்குப் போதிய செல்கள் கிடைக்காமல் போகும். நீரும் பெரும்பாலும் மறுபடி ஊறிவிடும்.

கட்டி திடீரென வீங்கி வலித்தால் பெரும்பாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கும். மூச்சு முட்டினாலோ குரல் மாறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று: அறிக்கையில் கழுத்து நிணநீர்க் கணுக்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள். தைராய்டில் நீர் இருப்பது சகஜம். கணுவுக்குள் நீர் தெரிந்தால் கதை வேறு.