ஒரே விபிஎஸ்ஸில் மூன்று வேர்ட்பிரஸ் தளங்களை வைத்துப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி?

பகிர்வு ஹோஸ்டிங்கை விட்டுவிட்டு 2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். உபுண்டு 24.04 போட்டு, வெப் சர்வரான என்ஜின்எக்ஸும், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியும் நிறுவியாயிற்று. மூன்று வேர்ட்பிரஸ் தளங்களை அதில் ஏற்றவேண்டும், ஹேக் ஆகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்றில் ஏதோ ஒரு தளம் என்றைக்காவது உடையும் என்று வைத்துக்கொண்டே சர்வரை அமையுங்கள். வேர்ட்பிரஸ் தளத்துக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் முறை) வழியாக வருவதில்லை. அப்டேட் செய்யாமல் கிடக்கும் ஏதோ ஒரு பிளகின், திருட்டுத்தனமாக இறக்கிய பிரீமியம் தீம், யாரோ ஒரு எடிட்டரின் பலவீனமான பாஸ்வேர்டு, இவைதான் வாசல். நுழைந்தவன் அந்தத் தளத்தோடு நிற்கிறானா, பக்கத்துத் தளங்களுக்கும் போகிறானா என்பதை மட்டும் நீங்கள் முழுமையாகத் தீர்மானிக்க முடியும். எனக்குத் தெரிந்து இதைப் பற்றி வழிகாட்டிகளில் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள்.

வழக்கமான வழிகாட்டி என்ன சொல்கிறது? மூன்று தளங்களையும் வார் ஃபோல்டருக்குள் உள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூவில் போடு, எல்லாவற்றுக்கும் வெப் சர்வரின் பயனரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை உரிமையாளராக்கு, அவ்வளவுதான். அப்படி வைத்தால் மூன்று தளங்களின் பிஎச்பியும் ஒரே பயனரின் பெயரில் ஓடும். முதல் தளத்தில் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டவன், மற்ற இரண்டு தளங்களின் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பைத் திறந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். ஒரே சாவியில் மூன்று குடித்தனம் நடத்துவது போன்றது இது. என்னிடம் சுத்தம் செய்ய வந்த ஒரு சர்வரில் இப்படித்தான் நடந்திருந்தது. யாரும் கவனிக்காமல் கிடந்த ஒரு பழைய நிகழ்ச்சித் தளம் வழியாக நுழைந்து, பக்கத்திலிருந்த கடைத் தளத்தின் கட்டணப் பக்கத்தில் கைவைத்திருந்தார்கள். கடைத் தளத்தில் எல்லா பிளகின்களும் அப்டேட்டாகத்தான் இருந்தன. ஒரு பலனும் இல்லை.

ஆகவே தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனரை உருவாக்குங்கள். பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்மில் தளத்துக்கு ஒரு தனி அமைப்புக் கோப்பு வையுங்கள். அதில் அந்தத் தளத்தின் பயனர் பெயரையும் தனி சாக்கெட்டையும் (என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் இணைப்பு) கொடுங்கள். சாக்கெட்டை என்ஜின்எக்ஸ் மட்டும் தொடும்படி, அதன் உரிமையாளராக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை வைத்து, அனுமதி 660 கொடுத்தால் போதும் (இந்த எண்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதைச் சொல்பவை). நிறுவும்போது கூடவே வரும் பொதுவான அமைப்புக் கோப்பை அதன் பிறகு அங்கே விட்டுவைக்காதீர்கள். தளத்தின் ஃபோல்டர்களுக்கு உரிமையாளர் அந்தத் தளத்தின் பயனர், குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அனுமதி 750. கோப்புகளுக்கு 640. படம், சிஎஸ்எஸ் போன்றவற்றை என்ஜின்எக்ஸ் படிக்க இது போதும். கான்ஃபிக் கோப்பை பிஎச்பி மட்டும்தான் படிக்கவேண்டும், அதனால் அதற்கு 600. யாராவது "அனுமதிப் பிரச்சினையா, 777 போடு" என்று சொன்னால் கேட்காதீர்கள். 777 போட்டால் சர்வரில் உள்ள எல்லாப் பயனர்களும் அங்கே எழுதலாம் என்று அர்த்தம். நாம் இவ்வளவு நேரம் கட்டிய சுவர் ஒரே கட்டளையில் இடிந்துவிடும்.

டேட்டாபேஸிலும் இதே கதைதான். தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ், தளத்துக்கு ஒரு டேட்டாபேஸ் பயனர், அந்தப் பயனருக்குத் தன் டேட்டாபேஸில் மட்டும் உரிமை. மைஎஸ்க்யூஎல்லின் ரூட் கணக்கை எந்தத் தளத்தின் கான்ஃபிக்கிலும் எழுதாதீர்கள்.

இப்படிப் பிரிப்பதால் ரேம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். 2 ஜிபியில் இது முக்கியம். வேர்ட்பிரஸ் ஓடும் ஒரு பிஎச்பி செயல்முறை 60 முதல் 100 எம்பி வரை எடுப்பது சாதாரணம். மூன்று தளங்களுக்கும் தாராளமாகப் பத்துப் பத்து செயல்முறைகளை அனுமதித்தால், கூட்டம் வரும் நாளில் ரேம் தீர்ந்து, லினக்ஸ் கர்னல் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்லைத்தான் கொல்லும். தளத்தில் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு வரும். ஹேக் ஆகிவிட்டதோ என்று பதறுவீர்கள். தேவைப்படும்போது மட்டும் செயல்முறையைத் தொடங்கும் ஆன்டிமாண்ட் முறையைத் தேர்ந்தெடுத்து, தளத்துக்கு நான்கு அல்லது ஐந்து என்று உச்சவரம்பு வையுங்கள். 2 ஜிபி ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) போட்டுவிடுங்கள்.

என்ஜின்எக்ஸில் பலருக்கும் தெரியாத ஒன்று: அது எச்டி-ஆக்சஸ் கோப்பைப் படிக்கவே படிக்காது. அதைப் படிப்பது இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியின் வழக்கம். பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்கள் பாதுகாப்பு பிளகின் அந்தக் கோப்பில் எழுதிவைத்த விதிகள் எல்லாம் புதிய சர்வரில் சும்மா கிடக்கும். பிளகின் பச்சை விளக்கு காட்டினாலும் எதுவும் தடுக்கப்படாது. அந்த விதிகளை என்ஜின்எக்ஸ் அமைப்பில் நீங்களே எழுதவேண்டும். முக்கியமானது அப்லோட்ஸ் ஃபோல்டர். படங்கள் மட்டும் இருக்கவேண்டிய அந்த இடத்தில் பிஎச்பி கோப்பு ஓடக் கூடாது. இதற்கான லொகேஷன் விதியை (எந்த முகவரிக்கு என்ன செய்வது என்று சொல்லும் விதி), பிஎச்பிக்கான பொது விதிக்கு மேலே எழுதுங்கள். ரெஜெக்ஸ் வகை (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) விதிகளில் முதலில் பொருந்துவதையே என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும். கீழே எழுதினால் அந்த விதிக்கு வேலையே வராது. புள்ளியில் தொடங்கும் கோப்புகளையும் மறுத்துவிடுங்கள். கிட் ஃபோல்டரையும் (நிரலின் மாற்ற வரலாறு) என்வ் கோப்பையும் (பாஸ்வேர்டு போன்ற அமைப்புகள்) தேடி வரும் பாட்களை (தானியங்கி நிரல்கள்) உங்கள் ஆக்சஸ் லாகில் முதல் நாளே பார்க்கலாம். சான்றிதழ் சோதனைக்குப் பயன்படும் வெல்-நோன் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

எதையும் முதலில் மறுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் திறப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில் வெளியான ஓட்டை நல்ல சாட்சி. முகவரியைச் சற்று மாற்றி எழுதி, தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே உள்ள கோப்புகளையும் படிக்க முடிந்தது. அதற்கு வந்த 2.4.50 திருத்தமும் முழுமையாக இல்லை, சில நாட்களில் 2.4.51 வெளியிட வேண்டியிருந்தது. ஆனால் தளத்துக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் மறுக்கும் வழக்கமான விதியை அப்படியே விட்டிருந்த சர்வர்களில் அந்தத் தாக்குதல் செல்லவில்லை. அதை வசதிக்காக நீக்கியிருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

எஸ்எஸ்எச் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கீ வைத்து லாகின் செய்யுங்கள், பாஸ்வேர்டு லாகினையும் ரூட் லாகினையும் நிறுத்துங்கள். நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பது வேறு, உண்மையில் நின்றிருப்பது வேறு. பல கிளவுட் நிறுவனங்களின் உபுண்டுவில் எஸ்எஸ்எச்டி அமைப்புக்கான துணை ஃபோல்டருக்குள் கிளவுட்-இனிட் என்ற பெயரோடு ஒரு சிறு கோப்பு இருக்கும். அதில் பாஸ்வேர்டு லாகினை அனுமதி என்று எழுதியிருக்கும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்எச் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். துணை ஃபோல்டர் முதலிலேயே படிக்கப்படுவதால், பிரதான கோப்பில் நீங்கள் செய்த மாற்றம் செல்லாது. வேறு ஒரு கணினியிலிருந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். சோதித்து முடிக்கும் வரை ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள்.

ஃபயர்வாலில் 22 (எஸ்எஸ்எச்), 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) ஆகிய போர்ட்கள் மட்டும் திறந்திருந்தால் போதும். பின்னாளில் இதே சர்வரில் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) போட நினைத்தால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்களை உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ தடுக்காது. டாக்கர் தன் விதிகளைக் கர்னலின் ஃபயர்வால் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்கிறது. மூடியிருக்கிறது என்று ஃபயர்வால் சொல்லும், டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்திருக்கும். போர்ட்டை, சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு கட்டிவைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தருவது இலவசம், 90 நாளுக்குள் புதுப்பிக்கவேண்டும், சர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானே செய்யும். சான்றிதழ் முடியப்போகிறது என்று அவர்கள் முன்பு அனுப்பிய மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதனால் காலாவதி தேதியைக் கவனிக்கும் சேவை ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 80 போர்ட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து மூடிவிட்டு, புதுப்பித்தல் ஏன் தோற்கிறது என்று தவிப்பவர்கள் உண்டு. பழைய சர்வரின் ஐபிவி6 முகவரி டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) ஒட்டிக்கொண்டிருந்தாலும் தோற்கும்.

சான்றிதழில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் சான்றிதழ் வாங்கிய மறுகணமே அந்த டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. சான்றிதழ் நிறுவனங்கள் ஏமாற்றாமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பாட்களும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. யாருக்கும் சொல்லாத சோதனைத் துணை டொமைனுக்கும் சில நிமிடங்களில் ஆள் வந்துவிடுவது இதனால்தான். வேர்ட்பிரஸ் கோப்புகளை ஏற்றி, சான்றிதழும் வாங்கிவிட்டு, நிறுவும் பக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டீர்களானால் வேறு யாராவது அதை நிரப்பி அட்மின் ஆகிவிடலாம். நிறுவி முடிக்கும் வரை அந்தத் தளத்தை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்துவையுங்கள்.

அப்டேட்டைப் பொறுத்தவரை, உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நிறுவப்படும். வெளி ரெப்போவிலிருந்து பிஎச்பியின் புதிய பதிப்பை எடுத்திருந்தால் அது அந்த ஏற்பாட்டில் வராது, தனியாகச் சேர்க்கவேண்டும். கர்னல் திருத்தம் ரீபூட் செய்யும் வரை நடைமுறைக்கு வராது. வேர்ட்பிரஸில் பயன்படுத்தாத பிளகினை முடக்கினால் போதாது, அழியுங்கள். முடக்கப்பட்ட பிளகினின் கோப்புகளும் முகவரி தெரிந்தால் வெளியிலிருந்து எட்டக்கூடியவைதான். எல்லா அட்மின்களுக்கும் இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம்.

பேக்கப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். அவர்களிடம் பல பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. டேட்டாபேஸை நகலெடுக்கும் கருவி பதிப்புப் பொருந்தாமல் ஓடாமலே இருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு நகலால் தப்பித்தார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே உங்கள் விபிஎஸ் நிறுவனம் தரும் ஸ்னாப்ஷாட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேறு ஒரு நிறுவனத்தின் இடத்தில் இருக்கும் கணினி வந்து பேக்கப்பை எடுத்துக்கொண்டு போகட்டும். சர்வரே அனுப்பும்படி வைத்தால், சர்வரைப் பிடித்தவன் கையில் பேக்கப்பை அழிக்கும் சாவியும் போய்விடும். மாதம் ஒரு முறையாவது அதை ஒரு காலி சர்வரில் போட்டு, தளம் எழுகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் தமிழில் எழுதுபவர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். முகவரியில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக மாறி உட்காரும். "கி" என்றால் மெய்யும் குறியும் சேர்ந்து பதினெட்டு. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம். எனவே நீளமான தமிழ்த் தலைப்புகளின் முகவரி பாதியில் வெட்டுப்படும். சர்வர் மாற்றும் சமயத்தில் அந்த வெட்டுப்பட்ட முகவரிகளைத் திருத்தி அழகாக்க முயலாதீர்கள், தேடலில் ஏற்கெனவே இருக்கும் இணைப்புகள் உடையும். அப்படியே கொண்டுபோங்கள்.

மாற்றும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவையுங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியை எழுதி, மூன்று தளங்களையும் உலகத்துக்குக் காட்டும் முன் நீங்கள் பார்த்துவிடலாம். பழைய ஹோஸ்டிங்கை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்கள் டொமைன் பெயரிலான மின்னஞ்சலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தளம் மாறினாலும், அஞ்சல் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், கணக்கை மூடிய அன்று அஞ்சல் நின்றுவிடும். மின்னஞ்சலை விபிஎஸ்ஸிலேயே நடத்தலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கென்று உள்ள சேவை ஒன்றுக்கு மாற்றுங்கள். அஞ்சல் பெட்டிகளை நகலெடுத்து, எம்எக்ஸ் பதிவையும், உங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும் மாற்றி, தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து ஒரு சோதனை அஞ்சல் வந்து சேர்வதைப் பார்த்த பிறகு பழைய கணக்கை மூடுங்கள்.