வீல்சேர் படம் போட்ட பார்க்கிங்கில் நன்றாக நடக்கிறவர் வண்டியை விட்டுப் போனால் தட்டிக் கேட்கலாமா?

ஆளைக் கேட்காதீர்கள். செக்யூரிட்டியைக் கேளுங்கள். அவர் கையை விரித்தால் மேனேஜரைக் கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த இடத்துக்காக நானே தினமும் மல்லுக்கட்டுகிறவன்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ. இடது காலில் காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம், அதாவது காலிபர், கையில் ஊன்றுகோல். சென்னையில் சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுக்கிறதே, இணைப்புச் சக்கர பெட்ரோல் ஸ்கூட்டர், அந்த ரகம்தான். என்னுடையது மட்டும் சொந்தக் காசில் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொண்டது. காலிபரோடு இறங்குகிற ஒருவனைப் பார்த்து “நீ மாற்றுத்திறனாளியா” என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனாலும் அந்தப் படம் போட்ட இடத்தில் என்னை நிறுத்த விடுவதில்லை. “சார், டூ வீலர் எல்லாம் பேஸ்மென்ட்ல.” பெரிய கடைகளில் பாதிக்கு மேல் இதே வசனம்தான். அந்தப் படம் என்றால் கார் என்று அவர்கள் மனதில் பதிந்துபோயிருக்கிறது. தமிழ்நாட்டில் கால் முடியாதவர்களில் எத்தனை பேரிடம் கார் இருக்கும்? தெருவில் இறங்கிப் பார்த்தால் எங்கும் ஓடுவது சைடு வீல் ஸ்கூட்டர்தானே.

பேஸ்மென்டில் நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். டூ வீலர் வரிசையில் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச அடுக்கி வைப்பார்கள். சைடு வீலோடு என் வண்டி இரண்டு பைக் நிற்கிற இடத்தை அடைக்கும். எப்படியோ நுழைத்துவிட்டுப் போனாலும், திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் பைக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊன்றுகோலை ஊன்றக்கூட இடுக்கு இருக்காது. சரி, ஏறி உட்கார்ந்தாயிற்று என்றே வையுங்கள். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமே? நீங்கள் இரண்டு காலாலும் தரையை உந்திப் பின்னால் வந்துவிடுவீர்கள். எனக்கு அது முடியாது என்பதால்தானே இந்த வண்டியே. தனியாகச் செலவு செய்து ரிவர்ஸ் பொருத்தினால் தவிர இது பின்னால் நகராது. யாராவது வருகிறார்களா என்று ஹாரனை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி வந்து உதவுகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் பின்சீட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் சைடு வீல் மட்கார்டைப் பிடித்து இழுப்பார்கள். அதற்குத் தனிச் செலவு.

இன்னொரு வேடிக்கை. கட்டணப் பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கிற பையன் என்னைப் பார்த்ததும் “அண்ணே, உங்களுக்குப் போய் காசா, போங்கண்ணே” என்பான். ஐயா, காசை வாங்கிக்கொள், வாசல் பக்கம் இடத்தைக் கொடு என்றால், “அது ஓனர் வண்டிக்குண்ணே” என்று பதில் வரும். இரக்கத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை.

கார் வைத்திருக்கும் நண்பர்களின் பாடு வேறு மாதிரி. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, அந்த இடம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அகலம் குறைந்தது 3.6 மீட்டர். சாதாரண கார் நிற்கும் இடத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். கதவை முழுசாகத் திறந்து, சீட்டுக்குப் பக்கத்தில் வீல்சேரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றி உடம்பை நகர்த்தி உட்கார அந்தக் கூடுதல் அகலம் வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் அதைக் குறுக்குக் கோடு போட்டுக் காட்டுவார்கள். கோடு போட்ட அந்தப் பட்டைதான் சும்மா கிடக்கிறதே என்று யாராவது ஒரு பைக்கைச் செருகிவிட்டுப் போவார்கள். கார் நிற்கும் இடத்தை அவர் எடுக்கவில்லை, அதனால் தப்பு செய்ததாகவே அவருக்குத் தோன்றாது. வெளியே வருகிற வீல்சேர்க்காரருக்குத் தன் காரின் கதவைத் திறக்க வழியில்லை. அந்த பைக்கின் சொந்தக்காரர் சினிமா முடித்து வரும்வரை அவர் வெயிலில் காத்திருப்பார்.

“காலியாத்தானே இருக்கு”, “அஞ்சு நிமிஷம்தான்”, “ஆள் உள்ளேதான் இருக்கார், வந்தா எடுத்துடுவோம்.” இந்த மூன்றில் எனக்கு அதிகமாக எரிச்சல் வருவது மூன்றாவதில்தான். நான் வந்து, நின்று, ஹாரன் அடித்து, கண்ணாடியைத் தட்டி, காரணம் சொன்ன பிறகு எடுப்பார்களாம். எல்லோருக்கும் தானாகக் கிடைக்கிற இடத்தை நான் கெஞ்சி வாங்க வேண்டும். அப்படி எடுக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், ஏதோ அவர்கள் தானம் செய்த மாதிரி.

இனி நீங்கள் கேட்ட ஆளுக்கு வருகிறேன், நன்றாக நடந்து போனவர். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவர் பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு போனால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஊனங்கள் 7 வகைதான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் போன்ற நரம்பு நோய்கள், தசைச் சிதைவு, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா, ரத்த நோயான தலசீமியா எல்லாம் அதில் உண்டு. இவர்களில் பலர் காலையில் நன்றாக நடப்பார்கள், சாயங்காலம் பத்து அடி வைக்க முடியாது. கடைக்குள் போகும்போது பார்த்த நீங்கள், மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வலியோடு அவர் திரும்பி வருவதைப் பார்க்க மாட்டீர்கள். அல்லது அவர் வெறும் டிரைவராக இருக்கலாம், அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு அழைத்துப் போக நிற்கலாம்.

அவர் அப்பட்டமான ஏமாற்றுப் பேர்வழியாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன், அப்படிப்பட்டவர்கள்தான் இங்கே அதிகம் என்பதே என் அனுபவம். ஆனால் வெளியிலிருந்து பார்த்து இன்னார் என்று பிரிக்க நம்மிடம் ஒரு வழியும் இல்லை என்பதுதான் சிக்கல். பிரிட்டனில் ‘ப்ளூ பேட்ஜ்’ என்று ஒரு அட்டை உண்டு. அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. எந்தக் காரில் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் 2019 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் அது கிடைக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். நம்மிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை இருக்கிறது, பர்ஸுக்குள். கார் கண்ணாடியில் வைக்க நாடு முழுக்கச் செல்லுபடியாகும் அட்டை எதுவும் இல்லை. வீல்சேர் ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பிரஸ், போலீஸ், வக்கீல் ஸ்டிக்கர்களை இஷ்டத்துக்கு ஒட்டுகிறார்கள் என்று சென்னை போக்குவரத்து போலீஸ் 2024 மே மாதம் நடவடிக்கையே எடுக்க வேண்டிவந்தது. ஸ்டிக்கருக்கு நம் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. ஆகவே கடைசியில் யார் தகுதியானவர் என்று கண்ணளவில் முடிவு செய்கிறவர் செக்யூரிட்டிதான். பெரிய கார் வந்தால் சல்யூட் அடிக்கவும், ஸ்கூட்டர் வந்தால் பேஸ்மென்டைக் காட்டவும் பழக்கப்பட்டவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, காரை எடுக்கச் சொன்னதற்காக வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

நீங்கள் சத்தம் போட்டுக் கேட்டு, எதிரே நிற்பவர் உண்மையிலேயே மாற்றுத்திறனாளி என்று தெரியவந்தால், நடுக்கூட்டத்தில் அவர் பேன்ட்டைத் தூக்கிக் காலைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த நிலைமைக்கு ஆளானவர்களை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர்கள் அந்த இடத்தில் நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள். மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016 சட்டத்தின் 92-வது பிரிவில் குறைந்தது 6 மாதச் சிறை என்பதையும் சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நிஜமாகவே கோபம் வருகிறது என்றால் கட்டடக்காரர் மேல் காட்டுங்கள். இடம் 3.6 மீட்டர் இருக்கிறதா, அதில் பூந்தொட்டியோ ஜெனரேட்டரோ நிற்கிறதா, சைடு வீல் ஸ்கூட்டருக்கும் அது உண்டா என்று கேளுங்கள். போர்டில் ஸ்கூட்டர் படத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பெயின்ட் செலவு மட்டும்தான். இதை நான் கேட்டால் “சொந்தக் கதை” என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள், காசு கொடுத்துப் பொருள் வாங்குகிற நீங்கள் கேட்டால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். நான் மேலே சொன்ன மத்திய அரசின் நெறிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

நிர்வாகம் அசையவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ, சென்னை காமராஜர் சாலையில் இருக்கும் மாநில ஆணையர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். மனுவோடு போட்டோ வைத்தால் நல்லது. அந்த இடமும் அதை அடைத்து நிற்கும் பொருளும் தெரிகிற மாதிரி எடுங்கள், நடந்து போகிறவர் முகம் அதில் வேண்டாம்.