கணினி கேள்வி–பதில்: அசையும் கிராஃப், அடம்பிடிக்கும் அகப்பக்கம்

கேள்வி: படிவம் 4 கூடுதல் கணிதத்தில் இருபடிச் சார்பு நடத்துகிறேன். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில், எக்ஸ் வர்க்கத்தின் கெழுவான ஏ-க்கு வைத்த ஸ்லைடர் (மதிப்பை மாற்ற இழுக்கும் பட்டை) −3 முதல் 3 வரை ஓட, பரவளையம் விரிந்து சுருங்குவதை அனிமேட்டட் ஜிஃப்பாக எடுத்து அகப்பக்கத்தில் போட்டேன். கோப்பு 14 எம்பி. கைப்பேசியில் திறக்கவே நேரமாகிறது, திறந்த பிறகு ஆமையாக நகர்கிறது. ஒரு சுற்று முடிய 2 நிமிடம்! ஃபிரேம்களுக்கு (அசைவின் தனித்தனிப் படங்களுக்கு) இடையே 10 மில்லிவிநாடி என்றுதான் கொடுத்திருக்கிறேன்.
– ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஆமை வேகத்துக்குக் காரணமே அந்த 10தான். ஜிஃப் கோப்பில் நேரம் நூறில் ஒரு விநாடி என்ற அலகில் பதிவாகிறது. 20 மில்லிவிநாடிக்குக் கீழே எதைக் கொடுத்தாலும் உலாவிகள் ஏற்பதில்லை, 100 என்று எடுத்துக்கொள்கின்றன. வேகமாக ஓடட்டும் என்று 10 கொடுத்தீர்கள், பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது. 50 கொடுங்கள். விநாடிக்கு 20 ஃபிரேம் கிராஃபுக்குத் தாராளம்.

அந்த 2 நிமிடம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 120 விநாடியை 100 மில்லிவிநாடியால் வகுத்தால் 1,200 ஃபிரேம். உங்கள் ஸ்லைடரின் 'ஸ்டெப்', அதாவது ஒரு தடவை நகரும் அளவு, 0.01 ஆக இருக்க வேண்டும். −3இலிருந்து 3க்குப் போக 600, திரும்பி வர 600. புதிதாகப் போடும் ஸ்லைடர் எப்போதும் 'ஆசிலேட்டிங்' என்ற அமைப்பில்தான் இருக்கும், அதாவது போய்த் திரும்பும். ஸ்டெப்பை 0.1 ஆக்குங்கள், ஃபிரேம் 120க்கு இறங்கிவிடும். திரும்பி வருவது தேவையில்லை என்றால் ஸ்லைடரின் பண்புகளில் 'இன்கிரீஸிங்' என்று மாற்றுங்கள். 61 ஃபிரேம், 50 மில்லிவிநாடி வீதம் சுமார் 3 விநாடி. பரவளையம் கவிழ்ந்து நிமிர்வதைக் காட்ட அதற்கு மேல் எதற்கு?

அடுத்தது அளவு. ஏற்றுமதியாகும் படம், கிராஃபிக்ஸ் வியூ (கிராஃப் தெரியும் பகுதி) திரையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அந்த அளவில்தான் வரும். 1200க்கு 800 பிக்ஸலில் எடுத்துவிட்டுப் பக்கத்தில் 600க்கு 400 என்று சுருக்கிக் காட்டினால், மாணவர்கள் நான்கு மடங்கு பிக்ஸலை இறக்கிப் பாதி அகலத்தில் பார்க்கிறார்கள். ஏற்றுமதிக்கு முன்பே ஜன்னலைச் சுருக்கிவிடுங்கள். எழுத்தை மட்டும் ஒரு சுற்று பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் கைப்பேசியில் அச்சு எண்கள் பொடிப்பொடியாகத் தெரியும். சின்னக் கட்டக்கோடுகளையும் அணைத்துவிடலாம். ஜிஃப் ஒரே நிறம் நீளமாக வரும் இடத்தை நன்றாகச் சுருக்கும், கோடுகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். வெள்ளைப் பின்னணியில் கனமான இரண்டு மூன்று நிறக் கோடுகள், அவ்வளவு போதும். 256 நிறத்துக்கு மேல் ஒரு ஃபிரேமில் ஜிஃப்புக்கு இடமில்லை, நிழலும் நிறச்சரிவும் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒன்று கணிதம் பற்றி: ஏ = 0 வரும் ஃபிரேமில் உங்கள் பரவளையம் நேர்க்கோடாகிவிடும். 3 விநாடி ஓட்டத்தில் யார் கண்ணிலும் படாது. அந்த ஃபிரேமைத் தனிப் படமாக எடுத்துக் கீழே போடுங்கள், "ஏ ஏன் பூஜ்யமாக இருக்கக்கூடாது" என்ற கேள்விக்கு அதுவே விடை.

கேள்வி: மேட்பிளாட்லிபில் (பைத்தான் மொழியில் கிராஃப் வரையும் நிரல் தொகுப்பு) வட்டமும் சைன் அலையும் சேர்ந்து ஓடும் 240 பிஎன்ஜி படங்களை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவி கொண்டு எம்பி4 ஆக்கினேன். மடிக்கணினியில் குரோமில் ஓடுகிறது, கிராஃப் மட்டும் லேசாக நடுங்குகிறது. ஐஃபோனில் காலிக் கட்டம்தான்.
– கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: இரண்டும் தனித்தனி நோய்.

காலிக் கட்டத்துக்குக் காரணம் நிற வடிவம். பிஎன்ஜியிலிருந்து நேராக எச்.264 என்ற சுருக்கு முறையில் வீடியோ செய்யும்போது, எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் நிறத்தைக் குறைக்காமல் ஒய்யூவி 444 என்ற வடிவத்தில் வைக்கும். குரோம் அதைக் காட்டும், ஐஃபோன் காட்டாது. கட்டளையில் பிக்ஸல் வடிவத்தை ஒய்யூவி 420 பி என்று குறிப்பிடுங்கள். குறிப்பிட்டதும் பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தி வரும்: அகலம் 2ஆல் வகுபடவில்லை என்று. 420 வடிவத்தில் நிறம் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் இரண்டு பிக்ஸலுக்கு ஒன்றாகப் பதிவாவதால் அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருந்தாக வேண்டும்.

நடுக்கத்தின் வேரும் இங்கேதான். படத்தைச் சேமிக்கும் வரியில் ஓர வெள்ளையை வெட்ட 'டைட்' போட்டிருப்பீர்கள். அச்சு எண் ஒன்று அகலமானால் வெட்டும் மாறும். ஒரு ஃபிரேம் 613 பிக்ஸல், அடுத்தது 617. எஃப்எஃப்எம்பெக் எல்லாவற்றையும் முதல் ஃபிரேமின் அளவுக்கு இழுத்துப் பொருத்துகிறது, கிராஃப் நடுங்குகிறது. 'டைட்'டை எடுத்துவிடுங்கள். 6.4க்கு 4.8 அங்குலம், டிபிஐ (அங்குலத்துக்குப் புள்ளிகள்) 100 என்றால் எல்லா ஃபிரேமும் 640க்கு 480. ஓர வெள்ளை உறுத்தினால் 'சப்பிளாட்ஸ் அட்ஜஸ்ட்' வழியாக ஒரே தடவை குறையுங்கள். கோப்புப் பெயரில் 001, 002 என்று மூன்று இலக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால், பெயர் வரிசையில் எடுக்கும்போது 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

பக்கத்தில் வைக்கும்போது வீடியோ டேகில் ஆட்டோபிளே, லூப், மியூட்டட், பிளேஸ்இன்லைன் நான்கும் வேண்டும். ஒலியே இல்லாத வீடியோ என்றாலும் மியூட்டட் எழுதிவிடுங்கள், அது இருந்தால்தான் உலாவிகள் தானாக ஓட விடும் என்று நம்பலாம். பிளேஸ்இன்லைன் விடுபட்டால் ஐஃபோன் முழுத்திரைக்குத் தாவும். ஐந்தாவதாக கண்ட்ரோல்ஸும் சேர்க்கச் சொல்வேன். பாடம் படிக்கும் பிள்ளையின் ஓரக்கண்ணில் ஒன்று ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் எப்படிப் படிப்பது? நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும். ஜிஃப்பில் அது கிடையாது, ஆகவே 5 விநாடியைத் தாண்டும் எதையும் வீடியோவாக வைப்பதே என் கட்சி.

கேள்வி: மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளில் ஒய் = ஏ சைன் எக்ஸ். ஏ 1இலிருந்து 5 வரை போகிறது. ஜிஃப்பில் அலை உயரவே இல்லை!
– டியூஷன் ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அலை உயர்கிறது, அச்சும் கூடவே உயர்கிறது. இடப்பக்க எண்களைப் பாருங்கள், அலை அப்படியே நிற்க எண்கள் மட்டும் 1, 2, 3 என்று ஏறும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிக் கிராஃபாக நினைத்து மென்பொருள் எல்லையைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 'பிளாட்ரேஞ்ச்' (அச்சின் எல்லை) −6 முதல் 6 என்று கட்டிப்போடுங்கள், 'இமேஜ்சைஸ்' 600 என்று ஒரே எண்ணாக இருக்கட்டும். தலைப்பில் ஏ மதிப்பைக் காட்டினால் 1.9க்குப் பின் "2." என்று வந்து எழுத்து துள்ளும். ஒரு தசம இடம் கட்டாயம் வருமாறு வடிவமைத்துவிடுங்கள். மேட்பிளாட்லிபிலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அச்சைத் துடைத்து வரைபவர்களுக்கு இதே கதிதான். துடைக்கும்போது எல்லையும் போய்விடும், மறுபடி அமைக்க வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸில் ஏற்றிய ஜிஃப் அசையாமல் நிற்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: படத்தைச் செருகும்போது 'மீடியம்' அல்லது 'லார்ஜ்' தேர்ந்திருப்பீர்கள். அந்தச் சிறிய பிரதிகளை வேர்ட்பிரஸ் புதிதாக உருவாக்கும்போது முதல் ஃபிரேம் மட்டும்தான் மிஞ்சும். 'ஃபுல் சைஸ்' தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஓடுவதைப் பார்ப்பதற்குப் பதில் மாணவர்களே ஸ்லைடரை இழுக்க முடியுமா?
– ஆசிரியர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: முடியும், அது ஜிஃப்பை விட நல்லதும்கூட. ஜியோஜீப்ரா தளத்தில் கோப்பை ஏற்றிப் பகிர்வுப் பகுதியில் 'எம்பெட்' நிரலை எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டுங்கள். டெஸ்மாஸ் என்ற கிராஃப் தளத்திலும் இந்த வசதி உண்டு. கைப்பேசியில் ஒரு தொல்லை வரும்: பக்கத்தை மேலே தள்ள விரலை வைத்தால் பக்கம் நகராமல் கிராஃப் நகரும். அமைப்பில் நகர்த்தலையும் பெரிதாக்கலையும் அணைத்து, அகலத்தைத் திரையை விடச் சற்றுக் குறைத்து வையுங்கள், விரலுக்கு ஓரத்தில் இடம் கிடைக்கும். ஜியோஜீப்ராவின் கிளாசிக் 5 பதிப்பு தரும் வலைப்பக்கக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் இணையமில்லாத வகுப்பில் திறக்கத் திட்டமிருந்தால் வேண்டாம். அது ஜியோஜீப்ரா தளத்திலிருந்து நிரலை இழுத்துத்தான் ஓடும். அந்த வகுப்புக்கு எம்பி4தான்.