வெங்காயத் தாளில் மருந்து நிற்காமல் உருண்டு ஓடுகிறது

கேள்வி: சின்ன வெங்காயம், நட்டு 35 நாள் ஆகிறது. இலைப்பேனுக்கு இரண்டு முறை மருந்து அடித்தும் கேட்கவில்லை. முத்து முத்தாக உருண்டு தரைக்குப் போய்விடுகிறது. அளவைக் கூட்டி அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, கூட்டாதீர்கள். பெரும்பகுதி தரைக்குத்தான் போகிறது என்றால் செலவுதான் ஏறும். கோளாறு மருந்தில் இல்லை, துளி தாளைப் பிடிக்காததில் இருக்கிறது.

வெங்காயத் தாளைத் தடவினால் சாம்பல் பூத்தாற்போல மெழுகு விரலில் வரும். அதன்மேல் தண்ணீர் பரவாமல் குன்றிமணி போலக் குவிந்து நிற்கும். தாளைத் தொடும் இடம் கொஞ்சம்தான், பிடிமானமும் கொஞ்சம்தான். தாளோ செங்குத்து. துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தாள் பிடித்துவைக்கும் பலம் இரண்டு மடங்குதான் கூடும். அதனால்தான் பொடித்துளி நிற்கிறது, பெருந்துளி ஓடுகிறது.

இன்னொன்று, நின்ற துளியை நகரவிடக் கூடாது. பாரவண்டியை முதலில் நகர்த்தத்தான் மூச்சு வாங்கும், உருளத் தொடங்கினால் லேசாகப் போகும். துளியும் அப்படித்தான் என்று ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2018இல் அளந்தே காட்டினார்கள். ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப அடித்தால் துளிகள் ஒன்றுசேர்ந்து, வழியில் நிற்பதையும் வாரிக்கொண்டு இறங்கிவிடும். பனி ஈரத்தில் அடித்தாலும் இதேதான். வெயில் தாழ்ந்து, காற்றில்லாத நேரமாகப் பார்த்து அடியுங்கள்.

சரி, முதலில் தேய்ந்த நாசிலை மாற்றிப் பொடித்துளியாக வருவதைப் போடுங்கள். அப்புறம் மருந்தைத் தாளில் பரவி ஒட்டவைக்கும் ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லி, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 5 மில்லி. புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கடைசியில் ஊற்றிக் கலக்குங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கும். ஒரு தாளை முக்கிப் பாருங்கள்: முத்தாகாமல் படலமாகப் படிந்தால் போதும். அதற்கு மேல் ஊற்றினால் படலமே வழிந்துவிடும், தாளும் கருகலாம். இலைப்பேன் குருத்து இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். பரவுகிற மருந்துதான் அங்கே நுழையும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பதாக இருந்தால் காதி சோப்பு போதும். ஆனால் உங்கள் போர் தண்ணீர் கடினமானது என்றால் சோப்பு திரிந்து வெள்ளைக் கசடாகி நாசிலை அடைத்துவிடும். அங்கே ஒட்டும் திரவமே போடுங்கள்.