கல்யாணப் படத்தைப் போட்டிக்கு அனுப்பும் முன்: கேள்வி பதில்

ஈரோட்டில் 32 ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்து வருகிறேன். சில போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபத்தில் எடுத்த படங்களைப் போட்டிக்கு அனுப்புவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

பொள்ளாச்சி: ஒரு திருமணத்தில் 4,000 படங்கள் சேர்ந்துவிடுகின்றன, ஐயா. போட்டிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆல்பத்தைப் புரட்டும் பெரியம்மாவுக்கு அதிலுள்ள முகங்கள் அனைத்தும் தெரியும். நடுவருக்கு ஒருவரையும் தெரியாது. மணமக்கள் யாரென்றே அறியாத ஒருவர் எதற்காக அந்தப் படத்தின் முன் நிற்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் அந்த இடத்திலேயே கழிந்துவிடும். தாலி கட்டும் நொடியில் அட்சதை பறக்கும் காட்சியை எல்லோரும் அனுப்புகிறார்கள். மதியத்துக்குள் அதையே நாற்பது முறை பார்த்துவிட்ட நடுவரின் கண் அதில் நிற்காது. நம் கொங்குப் பக்கத்துச் சீர்களில், அதாவது கல்யாணச் சடங்குகளில், எவ்வளவோ இருக்கிறது. இணைச்சீரில் அண்ணனுக்குச் சீர் செய்யும் தங்கையின் முகம், மங்கல வாழ்த்துப் பாடல் நீண்டுகொண்டே போகையில் தூண் ஓரத்தில் தூங்கி விழும் சிறுவன், யாரும் கவனிக்காத நேரத்தில் தாம்பாளத்தைச் சரிசெய்யும், சீர்களை நடத்தித் தரும் அருமைக்காரரின் கை ஆகியவற்றை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? வெளியூர் நடுவருக்கு இணைச்சீர் என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம். அந்தத் தங்கையின் முகம் அவருக்கும் புரியும்.

திருப்பூர்: மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பே நாலைந்து வேகங்களில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம்: பெண்ணை வழியனுப்பும்போது அவர் அழுத ஒரு படம் எனக்கு அருமையாக அமைந்துவிட்டது. எடுத்தவன் நான் என்பதால் படம் என்னுடையதுதானே? அதை அனுப்பக் கல்யாண வீட்டாரைக் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதன்பேரில் எடுக்கப்படும் நிழற்படத்துக்கு, வேறு உடன்பாடு ஏதும் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் கூறுகிறது. படைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு உண்டு. அந்தப் பெயரைக் கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் பெயர் வேறு, உடைமை வேறு.

சட்டத்தை நானும் பிற்பாடுதான் படித்தேன். 1998-இல் பெருந்துறைப் பக்கம் ஒரு திருமணத்தில், மகளை வண்டியேற்றிவிட்டுத் திண்ணையில் சாய்ந்து அழுத தாயைப் படமெடுத்து, யாரிடமும் கேட்காமல் போட்டிக்கு அனுப்பினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது, கண்காட்சியிலும் மாட்டினார்கள். உறவினர் ஒருவர் சொல்லி அந்த அம்மாவே வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, நானு அழுகறத ஊரே பாக்கோணுமுங்களா?" என்று கேட்டார். அன்றே படத்தைக் கழற்றி, நெகட்டிவையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து, முன்பணம் வாங்கும்போதே போட்டிக்கும் கண்காட்சிக்கும் சம்மதம் என்று ஒரு வரி எழுதி, மணமக்கள் இருவரின் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்கிறேன். பணம் கொடுக்கும் தகப்பனாரின் கையொப்பம் மட்டும் போதாது, ஏனெனில் படத்தில் அழுபவர் அவரல்லர்.

கரூர்: தாராபுரத்து நண்பர் கேட்டது நியாயம். எல்லோரும் கேட்காமல்தானே இணையத்தில் போடுகிறார்கள்? எனக்கு ஒரு பார்ட்டி 40,000 ரூபாய் பாக்கி வேறு வைத்திருக்கிறது.

எல்லோரும் தலைக்கவசம் இல்லாமல் போவதால் அது முறையாகிவிடுமா? பாக்கியைக் கேட்டு வாங்குவதற்கு வேறு வழிகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணின் படத்தை அனுப்புவது அவற்றில் ஒன்றன்று.

தாராபுரம்: கேட்டால் மறுத்துவிடுவார்களே! அப்படியானால் திருமணப் படக்காரன் போட்டிக்கே போக முடியாதே?

பத்து வீட்டாரைக் கேட்டால் எட்டு வீட்டார் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம். மறுப்பவர்களும் பெரும்பாலும் அழுகைப் படங்களுக்கே மறுக்கிறார்கள். மறுத்தால் அந்தப் படம் அவர்கள் ஆல்பத்தில் இருக்கட்டும். இன்னொரு வழியும் உண்டு: உரிமை உங்களிடமே இருக்கும் என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. அப்போதும் படத்திலிருப்பவரைக் கேட்பதுதான் மரியாதை.

கோபிசெட்டிபாளையம்: நான் ஸ்டுடியோவுக்காக இரண்டாவது கேமராவில் எடுத்தவன். நான் யாரிடம் கேட்க வேண்டும்?

ஸ்டுடியோக்காரரிடமும் வீட்டாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள்.

சத்தியமங்கலம்: பின்னணியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதை அழித்துவிட்டு அனுப்பலாமா?

எந்தப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆவணப் பிரிவுகளில் ஒரு தண்ணீர் பாட்டிலை நீக்கினாலும் படம் வெளியேற்றப்படலாம். படைப்பாக்கப் பிரிவில் வானத்தையே மாற்ற இடம் கொடுப்பார்கள். விதிகளை வரிக்கு வரி படியுங்கள், கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்பான ரா (RAW) கோப்பை அழிக்காதீர்கள். இறுதிச் சுற்றில் அதைக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அந்தப் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று தாமே சொல்லி விருதை மறுத்தார். நாற்காலியைப் பொறுத்தவரை, படமெடுக்கும் முன் இரண்டு அடி இடப்புறம் நகர்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

காங்கேயம்: பங்கேற்கும் படங்களின் உரிமை முழுவதும் அமைப்பாளருக்கே என்று ஒரு போட்டியின் விதி சொல்கிறது. நுழைவுக் கட்டணமும் உண்டு.

விலகிவிடுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று அதே பிரிவு கொள்கிறது. உரிமை வீட்டாருடையதாக இருக்கையில், உங்களுடையதல்லாத ஒன்றை நீங்கள் எப்படி எழுதிக் கொடுப்பீர்கள்? கையொப்பம் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

மேட்டூர்: எந்தக் கேமரா வாங்கினால் பரிசு கிடைக்கும்?

இது ஐந்தாம் முறை. கையில் இருப்பதே போதும்.

பவானி: வாய்ச்சொல்லாகச் சம்மதம் வாங்கினால் போதாதா?

போதாது. தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள்.

தாராபுரம்: ஐயா, பேசிவிட்டேன். அழுத படம் வேண்டாம் என்கிறார் அந்தப் பெண். பாட்டி அவர் கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்கும் படத்தை அனுப்பலாமாம். எனக்கு அது இரண்டாம் தரமாகத் தோன்றுகிறது.

அதையே அனுப்புங்கள், தம்பி. பாட்டியின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். கைநாட்டாக இருந்தாலும் சரி.