அறிவைவிடக் கற்பனைதான் புத்திக்கூர்மையின் அடையாளமா?

அறிவு என்பது ஏற்கெனவே தெரிந்தவற்றின் சேமிப்பு. கற்பனை என்பது இன்னும் இல்லாத ஒன்றை மனத்தில் கட்டிப் பார்ப்பது. புத்திக்கூர்மை, என் பார்வையில், முன்னதைப் பின்னதற்குப் பயன்படுத்தும் திறன். ஏனெனில் புதிய சிக்கலுக்கான விடை நினைவில் இருக்காது, இருந்தால் அது புதிய சிக்கலே அல்ல.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் இது விளங்கும். வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும், பற்றவைக்கும் பொடி அதற்கும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும் என்பதை அங்குள்ள எல்லாருடைய கையும் அறியும் (எண்ணாகச் சொல்லத் தெரியாவிட்டாலும்). ஆனால் வளையங்களுக்கு நடுவே மாங்காய் வடிவத்தை எப்படிக் கோத்தால் நடக்கும்போது புடவைக் கரையில் சிக்காது என்பதைக் கம்பியைத் தொடுமுன்பே மனத்தில் ஓட்டிப் பார்த்துவிடுபவரைத்தான் மற்றவர்கள் கெட்டிக்காரர் என்கிறார்கள். சூட்டின் கணக்கு தெரியாதவர் எவ்வளவு அழகாகக் கற்பனை செய்தாலும், ஊதும்போது கம்பியே உருகிப்போகும்.

‘அறிவைவிடக் கற்பனை முக்கியம்’ என்று 1929ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றில் ஐன்ஸ்டைன் கூறியதைப் படிப்பே வேண்டாம் என்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவரோ ஈர்ப்பை விளக்கும் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டுக்குத் தேவைப்பட்ட வளைபரப்புக் கணிதத்தை, நண்பர் கிராஸ்மனின் துணையோடு, முப்பது வயதைக் கடந்தபின் உட்கார்ந்து கற்றவர்.